புரட்டாசியில் விழாத வலை

மழை பெய்வதென்றால் பெய்து தொலைக்கலாம், இல்லையென்றால் வெயிலாவது அடிக்கலாம். ஐப்பசி பிறந்ததிலிருந்து வானம் இரண்டுக்கும் இல்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. லால்குடிக்கு மேற்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய அந்த ஊரில் காற்று என்ற ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. வாழை இலை ஆடவில்லை. கொடியில் போட்ட துணி காயாமல் முடை வீசியது. சம்பா நடவுக்கு வந்த பெண்கள்கூட, "என்ன எழவு மப்பு இது, கழுத்தப் புடிக்கிற மாதிரி" என்று திட்டிக்கொண்டே குனிந்தார்கள்.

ரங்கநாயகி குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தீனிச் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். உரச்சாக்கில் துளை போட்டு, தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து அடைத்து, மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மீன்கள் வந்து துளையில் வாய் வைத்து இழுத்துத் தின்னும். காலையில் கட்டினால் மதியத்துக்குள் சாக்கு வெறும் துணியாக மிதக்கும். இன்றைக்குக் கையை இழுத்தது. ஈரத்தவிடு அப்படியே கனத்துக் கிடந்தது. அடுத்த சாக்கும் அப்படித்தான். அதற்கடுத்ததைத் தூக்கிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

கரையில் பசுவுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த மாமனார் அடைக்கலம் நிமிர்ந்தார்.

"என்னம்மா, இன்னிக்கும் திங்கலையா?"

"இல்ல மாமா. போட்டது போட்டபடி இருக்கு."

"நமக்கே இந்த மப்புல பசிக்கல. அதுங்களுக்கு மட்டும் பசிச்சிரப் போவுதா?"

"அப்படித்தான் இருக்கணும்" என்றாள் ரங்கநாயகி. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப ஆசையாக இருந்தது.

"நெல்லுன்னா வரப்புல நின்னு பாத்தாப் போதும்மா. வாடுனா வாடுனது தெரியும், பூச்சி விழுந்தா பூச்சி தெரியும். இது என்ன வெள்ளாமையோ! உள்ள என்ன நடக்குதுன்னு அந்தப் பெருமாளுக்கே தெரியாது." கிழவர் புல்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "தண்ணி ஏன் இப்படிப் பச்சையா கெடக்கு? பெயின்டக் கரைச்சு ஊத்துன மாதிரி."

"பாசி மாமா. பாசி இருந்தாத்தான் மீனுக்கு நல்லதுன்னு மீன் வளர்ப்பு ட்ரெயினிங்ல சொன்னாங்களாம்."

"சொல்லுவாங்க, சொல்லுவாங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார்.

பாசி நல்லதுதான். ஆனால் அந்தப் பாசிக்கு வெயில் வேண்டும் என்பதையும் அதே ட்ரெயினிங்கில் சொல்லியிருந்தார்கள். வெயில் இருந்தால் பாசி தண்ணீருக்கு மூச்சுக் கொடுக்கும், வெயில் இல்லாவிட்டால் அதுவே இருக்கிற மூச்சையும் இழுத்துக்கொள்ளும். அவள் புருஷன் சரவணன் ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி இதை அவளுக்கு விளக்கியிருந்தான். அதை மாமனாரிடம் சொல்வானேன் என்று ரங்கநாயகி வாயை மூடிக்கொண்டாள்.

சரவணன் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன். கல்யாணமான வாழ்க்கையில் அவன் வீட்டில் இருந்ததைவிட போனில் இருந்ததுதான் அதிகம். கடைசியாக லீவில் வந்தபோது, வந்த மறுநாளே மகள் வைஷ்ணவி, "நீங்க எப்பப்பா போறீங்க?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை. தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். சரவணன் எழுந்து கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்தான். அதற்குப் பிறகுதான் அப்பாவிடம் பேசி, வடிகால் இல்லாமல் எப்போதும் நீர் தேங்கி நெல் அழுகுகிற பள்ளக்காட்டைக் குளமாக வெட்டினான்.

ஊர் சிரித்தது. நெல் விளைகிற பூமியில் மீன் விதைக்கிறான் என்றார்கள். ஆனால் முதல் வருஷம் பங்குனியில் வலை போட்டபோது சிரித்த அத்தனை பேரும் பாத்திரத்தோடு கரையில் நின்றார்கள். துள்ளத் துள்ளக் கட்லாவும் ரோகுவும். அன்றைக்குச் சாயங்காலம் தெரு முழுக்க ஒரே மீன்குழம்பு வாசம். அந்த நாற்று மூட்டையையும் உர மூட்டையையும் கட்டிக்கொண்டு அழுவதைவிட இது தேவலையே என்று இரண்டு மூன்று பேர் தங்கள் பள்ளக்காட்டையும் நடந்து அளந்து பார்த்தார்கள்.

"ரெண்டு வெள்ளாமை பாப்போம் ரங்கு. குளம் நின்னா நானும் நிக்கிறேன். இல்லன்னா அரபிக்கு ஒரு போன் போட்டாப் போதும், நாளைக்கே வான்னுவான்" என்று சரவணன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் சிரித்ததை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. போன் போட்டால் போதும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். பெருமாளிடம் நிற்கக்கூட இல்லை, நேரே தாயார் சன்னதிக்குப் போனாள். அவள் பெயரே அந்தத் தாயாரின் பெயர்தான், அந்த உரிமை. அந்தத் தாயார் கோயில் வாசலைத் தாண்டி ஒரு நாளும் வெளியே போகமாட்டாள், புறப்பாடெல்லாம் உள்ளேயேதான். 'உன்னைப் போலவே என் வீட்டுக்காரரும் வாசலைத் தாண்டாமல் இருக்கணும். புரட்டாசி மாசம் பூராவும் எங்கள் குளத்தில் வலை விழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வேண்டிக்கொண்டாள். புரட்டாசியில் அவர்கள் வீட்டில் மீன் சட்டி அடுப்பேறாது, எல்லாருக்கும் தெரிந்த விரதம். தான் தின்னாமலிருப்பது என்ன பெரிய விஷயம், குளத்தையே விரதம் இருக்கவைப்போம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுதலைச் சொன்னால் பலிக்காது என்று வேறு ஒரு எண்ணம்.

போன வருஷம் புரட்டாசியில் மீன்கள் கைநீளம்கூட இல்லை, வலைக்கு வேலையும் இல்லை. இந்த வருஷம் அப்படி இல்லை. பங்குனி வலை முடிந்த கையோடு சித்திரையிலேயே பெரிய குஞ்சாக விட்டதால் புரட்டாசிக்குள் ஒவ்வொன்றும் புரண்டால் தண்ணீர் தெறிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டன. பாதியை எடுத்துவிட்டால்தான் மீதிக்குக் குளம் தாங்கும் என்று சரவணன் சொல்லிக்கொண்டே இருந்தான். வலையும் வலைக்காரர்களும் வண்டியும் திருச்சி பாலக்கரை மீன் வியாபாரி பஷீர் அகமதுவிடம் இருந்தன. அவர் எப்போது வருகிறாரோ அப்போதுதான் வலை.

புரட்டாசி நடுவில் ஒரு நாள் பஷீர் பாய் போன் பண்ணினார். சரவணன் உப்பிலியபுரத்தில் சித்தப்பா வீட்டுக் காரியத்துக்குப் போயிருந்தான், அவன் போன் கிடைக்கவில்லை. அதனால் இவளுக்கு வந்தது.

"தங்கச்சி, அஸ்ஸலாமு... அட, நம்ம பழக்கம் வந்துருது பாரு. நல்லா இருக்கியா? தம்பி லைன் கெடைக்கல. நம்மாளுங்க வீட்டுல ஒரு கல்யாணம், வலீமா விருந்து பெருசு. பாலக்காட்டுக்கு ஒரு லோடும் கேக்குறாங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம வலையப் போட்டு பாதிய எடுத்துருவோமா? உங்காளுங்க வாங்காட்டி என்ன, எங்காளுங்க திங்கிறாங்க."

ரங்கநாயகி அப்போது சனிக்கிழமைத் தளிகைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"இல்ல பாய். இப்ப வேணாம். புரட்டாசி முடியட்டும்."

"தம்பிதான் சீக்கிரம் எடுங்க எடுங்கன்னு சொல்லிச்சு?"

"அவருதான் வேணாம்னாரு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பொய் சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது.

"சரி, உங்க இஷ்டம். மப்பு கிப்பு போட்டுறாம இருக்கணும், இன்ஷா அல்லாஹ். ஐப்பசி பொறந்தா எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல வலைய எறக்குவாங்க, என் வண்டிக்கு அடிதடி ஆயிரும். அப்பறம் என்னையத் திட்டக்கூடாது தங்கச்சி."

ராத்திரி வந்த சரவணன், "பாய் போன் பண்ணாரா?" என்று கேட்டான். "பண்ணாரு. புரட்டாசில ரேட்டு இல்லையாம், ஐப்பசில பாத்துக்கலாம்னாரு" என்றாள். ஒரு பொய்யோடு அதுவும் சேர்ந்துகொண்டது. அவன் நம்பினான். அவளிடம் அவன் எதையும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

ஐப்பசி பிறந்தது. பாய் சொன்ன மாதிரியே அவர் வண்டி தொட்டியத்துக்கும் முசிறிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இவர்களுக்கு வியாழக்கிழமை என்றார். வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. மப்பு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

தீனிச் சாக்கு கனத்துக் கிடந்த அன்று சாயங்காலம் சரவணன் மோட்டார் கொட்டகைக்கு வெளியே பக்கத்து வயல் ரத்தினவேலிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ரத்தினவேல் வாழை வைத்திருப்பவர். குளம் வெட்டியதிலிருந்து தண்ணீர் கசிந்து தன் வாழைக் கிழங்குக் கட்டையெல்லாம் அழுகுகிறது என்பது அவர் கட்சி. உங்கள் வாழைக்கு அடிக்கிற மருந்து வாய்க்காலில் வழிந்து என் குளத்துக்கு வருகிறது என்பது இவன் கட்சி. இரண்டு கட்சியிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது, அதனால்தான் சண்டை தீரவே இல்லை.

"நாலு வரிசை போச்சுடா சரவணா! பூவன் தாரு தள்ளுற நேரம். கால வச்சா சேறு முழங்காலுக்கு வருது. உன் குளத்தால என் குடும்பம் கெட்டுச்சு."

"கரைய ஒசத்திக் கட்டிட்டேன்ல அண்ணே? களிமண்ணு கொண்டாந்து மிதிச்சேன். இதுக்கு மேல என்ன பண்ணச் சொல்றீங்க?"

"மூடு. மூடிட்டு நெல்லப் போடு, உங்கப்பன் போட்ட மாதிரி."

"அது முடியாது."

"முடியாதுல்ல? இருடா, இந்தக் குளத்த ஒரு நாள் இல்லாமப் பண்ணிப்புடுறேன் பாரு!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரத்தினவேல் போய்விட்டார். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான், மாடு முட்டினாலும் மாட்டிடம் இதே சவாலை விடுவார். ஆனால் அன்றைக்கு அந்த அசையாத காற்றில் அது காதிலேயே நின்றது.

ராத்திரி மொச்சைக்குழம்பும் அப்பளமும். சரவணன் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான்.

"சாக்குத் தீனி அப்படியே இருக்குன்னாரு அப்பா?"

"ம்."

"எருவும் போடாத, தீனியும் கட்டாத. பாய்க்கு மறுபடி போன் போட்டேன், நாளைக்குக் காலைலயே வரப் பாக்குறேன்னாரு. வந்துட்டாருன்னா தப்பிச்சோம்."

பாய் வந்தால் மீன் பிழைக்கும். பாய் வந்தால், 'நீதானே தம்பி வேணாம்னு சொன்னே' என்ற பேச்சும் வரும். அந்த வண்டி வரவேண்டும் என்றும் வரக்கூடாது என்றும் ஒரே மனசுக்குள் வேண்டிக்கொண்டு ரங்கநாயகி படுத்தாள். எந்த சாமிக்குத்தான் இந்த வேண்டுதல் புரியும்?

விடிகிற நேரத்தில் மாமனாரின் சத்தம் கேட்டது. "டேய் சரவணா! வாடா! என்னன்னு வந்து பாருடா!"

இருவரும் ஓடினார்கள். அரை வெளிச்சத்தில் குளம் கொதிக்கிற மாதிரி இருந்தது. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரை வரைக்கும் தண்ணீர் மட்டத்தில் வாய்கள். வட்ட வட்டமாகத் திறந்து, மூடி, திறந்து, காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. அத்தனை வாயும் சேர்ந்து சப்புக்கொட்டுகிற சத்தம் வேறு. கை தட்டினால் ஓடி மறைகிற மீன்கள், பக்கத்தில் போய் நின்றும் நகரவில்லை. பயப்படுவதற்குக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை.

"மோட்டாரப் போடு!" என்று சரவணன் கத்தினான். அவனே ஓடிப்போய்ப் போட்டான். தண்ணீரை இறைத்து மேலேயிருந்து திரும்பக் குளத்திலேயே சிதறவிட்டால் கொஞ்சம் காற்று கலக்கும். மோட்டார் உறுமவில்லை. மும்முனை கரண்ட் வந்திருக்கவில்லை. பொழுது ஏறினால்தான் வரும்.

அவன் அப்படியே குளத்தில் குதித்தான். ஒரு பலகையை எடுத்துத் தண்ணீரை அடித்தான். ரங்கநாயகி புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கி வெறும் கையால் அடித்தாள். அடைக்கலம் வாழைமட்டையால் கரையிலிருந்து அடித்தார். அடித்த இடத்தைத் தேடி மீன்கள் வந்து காலில் மோதின. வழவழவென்று, கனமாக, குழந்தை முட்டுகிற மாதிரி மெதுவாக மோதின. ரங்கநாயகி அழுதுகொண்டே அடித்தாள். அடிக்க அடிக்க அடியிலிருந்த சேறு கலங்கி அழுகல் வாடை ஏறியது.

முதலில் ஒரு பெரிய கட்லா பக்கவாட்டில் சாய்ந்தது. பிறகு வெள்ளை வயிறுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தன.

சரவணன் அடிப்பதை நிறுத்திவிட்டான். பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கரையேறினான். வாய்க்காலிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் வருகிற மடைப்பக்கம் போனவன் அங்கே குனிந்து எதையோ எடுத்தான். வாழைக்கு அடிக்கிற மருந்து பாட்டில். காலி.

"ஊத்திட்டான்" என்றான். குரல் ஏறவே இல்லை. "நேத்து சொன்னான், இன்னிக்கு ஊத்திட்டான்."

"டேய், அது வாய்க்கால்ல எப்பவும் மெதக்குற பாட்டிலுடா" என்றார் அடைக்கலம்.

சரவணன் கேட்கவில்லை. கரையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ரத்தினவேல் வீட்டுப் பக்கம் நடந்தான். ஓடவில்லை, நடந்தான். அதுதான் பயமாக இருந்தது.

ரங்கநாயகி தண்ணீருக்குள் நின்றபடியே சுற்றிலும் பார்த்தாள். கரையோரம் தவளைகள் உட்கார்ந்திருந்தன. புல்லுக்கு அடியில் பொடிக் கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாகத் துறுதுறுவென்று திரிந்தன. வயிறு திரும்பிக் கிடந்ததெல்லாம் பெரியவை, வலைக்குத் தயாராக இருந்தவை. ட்ரெயினிங் முடிந்து வந்த நாளில் சரவணன் சொன்னது நினைவில் வந்தது: "மருந்து விழுந்தா பொடிசு மொதல்ல போவும் ரங்கு. மூச்சு முட்டுச்சுன்னா பெருசு மொதல்ல போவும்." சொன்னவனுக்கே இப்போது கண் மறைத்துவிட்டது.

அவன் ஒருவரைக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போகலாம், இல்லை ரத்தினவேலே விஷம் வைத்தவர் என்று ஊர் முடிவுகட்டலாம். எப்படியானாலும் வலையைத் தடுத்தது யார் என்ற கேள்வி எழவே எழாது. அந்த நினைப்பு ஒரு நொடி அவளுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, வந்த வேகத்தில் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

ரத்தினவேல் வாசலில் பல் குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். மண்வெட்டியோடு வருகிறவனைப் பார்த்துக் குச்சியைத் துப்பினார்.

"என்னடா?"

"ஊத்திட்டீங்கல்ல?"

"எதடா ஊத்துனேன்? வெடிஞ்சும் வெடியாம..."

சரவணனின் கை உயர்ந்தது. பின்னால் வந்த ரங்கநாயகி மண்வெட்டிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் எதையும் ஊத்தலங்க. தவள உக்காந்துருக்கு, குஞ்சுங்க ஓடுது. நீங்கதான சொன்னீங்க, பெருசு மொதல்ல போச்சுன்னா மூச்சுன்னு? வந்து பாருங்க, போனதெல்லாம் பெருசு."

"விடு ரங்கு."

"வலைய வேணாம்னது பாய் இல்லங்க. நாந்தான்."

காம்பில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. அவன் திரும்பிப் பார்த்தான்.

"புரட்டாசில பாய் வர்றேன்னாரு. ஞாயித்துக்கெழம பாதிய எடுத்துரலாம்னாரு. நீங்க வேணாம்னீங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். அவரு வேணாம்னாருன்னு உங்ககிட்ட சொன்னேன்."

"ஏன்?"

"வேண்டிக்கிட்டேன். தாயார்கிட்ட. புரட்டாசில வலை விழாதுன்னு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க திரும்பக் குவைத்துக்குப் போயிரக் கூடாதுன்னு."

ரத்தினவேலின் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். சரவணன் மண்வெட்டியைத் தரையில் போட்டான். போட்டதில்கூடக் கோபம் இல்லை, இனி தூக்க முடியாது என்கிற மாதிரி போட்டான்.

ரத்தினவேல்தான் முதலில் அசைந்தார். "அட, மசமசன்னு நிக்கிறீங்களே! மிச்சம் மூச்சு விடுதா இல்லையா? டேய், என் ஆயில் என்ஜின் கொட்டகைல கெடக்கு. ஒரு கை புடிடா, தூக்கிட்டுப் போவோம். உன்னோட சண்டைய நாளைக்குப் போட்டுக்கலாம், எங்க போயிரப் போறே!"

என்ஜின் பிடித்துக்கொண்டு தண்ணீரை வாரி இறைக்க ஆரம்பித்தபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. விடிந்ததற்கு அடையாளமாக வெளிச்சம் கொஞ்சம் சாம்பல் நிறமானது, அவ்வளவுதான். இறைத்த தண்ணீர் விழுந்த இடத்தைச் சுற்றி உயிரோடிருந்த மீன்கள் வந்து அடைந்துகொண்டன. பாதிக்கு மேல் போய்விட்டது. காற்றில்லாததால் செத்தவை ஒதுங்கக்கூட இல்லை, செத்த இடத்திலேயே மிதந்தன.

பஷீர் பாயின் குட்டியானை வண்டி வரப்பில் ஆடி ஆடி வந்து நின்றது. பாய் இறங்கினார், குளத்தைப் பார்த்தார், தலையில் இருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சரவணனையும் ரங்கநாயகியையும் பார்த்தார். வாழ்நாள் முழுக்க வியாபாரத்தில் மனிதர்களின் மூஞ்சியைப் படித்தவர், அவருக்கு என்னவோ புரிந்தது.

"தம்பி, மனச உட்றாதப்பா. என் மேலதான் தப்பு. புரட்டாசிலேயே வந்து எடுத்திருக்கணும், நாந்தான் அப்பறம் பாத்துக்கலாம்னு..."

"வேணாம் பாய்" என்றான் சரவணன். "சொல்லிட்டா."

பாய் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "சரி, வாங்கடா" என்று வலைக்காரர்களைக் கூப்பிட்டார். "உசுரோட இருக்கறத மொதல்ல எடு. ஐஸ அப்பறம் ஒடைக்கலாம், தண்ணித் தொட்டில போடு. பாத்து, பாத்து! தூக்குற தூக்குல செத்துறப் போவுது."

ஐப்பசியில் வலை விழுந்தது. பங்குனியில் வலை விழுந்தபோது இருந்த கூச்சல் இல்லை. பாத்திரத்தோடு யாரும் வரவில்லை. கரையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பள்ளக்காட்டை நடந்து அளந்து பார்த்தவர்களில் ஒருவர், நல்லவேளை தப்பித்தோம் என்று மெதுவாகச் சொன்னதும் ரங்கநாயகி காதில் விழுந்தது. ரத்தினவேல் மட்டும் ஆள் வைத்து, தன் வாழைக் கொல்லையின் மூலையிலேயே பெரிய குழியாக வெட்டவைத்தார். செத்த மீன்களைக் கூடையில் வாரி அதில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டார்கள். "கட்டைக்கு உரமாவது ஆவட்டும். என் நாலு வரிசைக்கு ஈடு" என்று அவர் சொன்னார். சிரிக்க வைக்கப் பார்த்தார், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அடைக்கலம் கடைசிக் கூடையைக் கொட்டும்வரை குழியோரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மகனையும் மருமகளையும் திரும்பிப் பார்க்காமல் பசுவை அவிழ்த்துக்கொண்டு போனார்.

வண்டி கிளம்புகிற நேரத்தில் மழை வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, வந்ததும் கொட்டியது. கூடவே காற்றும். குளத்தின் மேல் மழை விழுந்து விழுந்து தண்ணீரை நுரையாக அடித்தது. காலையில் மூன்று பேர் சேர்ந்து அடித்தும் முடியாததை அது சும்மா விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தது. ரங்கநாயகிக்கு வானத்தைப் பார்த்து வாய்விட்டுத் திட்ட வேண்டும் போல இருந்தது.

இருவரும் மோட்டார் கொட்டகைக்குள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். உடம்பெல்லாம் சேறும் செதிலும். கரண்ட் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக மேலே பல்பு எரிந்தது.

"திட்டிருங்க" என்றாள் அவள். "இப்படி இருக்காதீங்க, எதையாவது சொல்லித் திட்டிருங்க."

"என்னத்தத் திட்ட?" சரவணன் கையிலிருந்த செதிலைப் பிய்த்துப் போட்டான். "சாமிகிட்ட கேட்ட. பாய்கிட்ட சொன்ன. எங்கிட்ட ஒரு வார்த்த, 'போவீங்களா, மாட்டீங்களா'ன்னு கேட்டிருக்கலாம்."

"கேட்டா சிரிப்பீங்க. அரபிக்கு ஒரு போன் போட்டாப் போதும்னு சொல்லுவீங்க."

அவன் மழைக்குக் கையை நீட்டிச் சேற்றைக் கழுவினான்.

"ஆடி மாசம் அரபியே போன் பண்ணான். புது விசா அனுப்புறேன், வந்துருன்னான். வரலன்னு சொல்லிட்டேன்."

ரங்கநாயகி அவனைப் பார்த்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"மொத வலை போடுற அன்னிக்கு, கரைல வச்சு சொல்லலாம்னு இருந்தேன். மீனும் கையுமா இருக்கும்போது சொன்னா நல்லாருக்கும்னு." அவன் சிரிக்கப் பார்த்தான், முகம் கோணியது. "பாய் எப்ப வருவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

வெளியே மழை வலுத்தது. மடையில் தண்ணீர் புகுந்து குளத்துக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. இனி குளத்துக்குத் தண்ணீருக்கும் பஞ்சமில்லை, காற்றுக்கும் பஞ்சமில்லை. தெருப்பக்கம் வைஷ்ணவி புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவருவது தூரத்தில் தெரிந்தது.

சரவணன் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தான். விரல் ஈரத்தில் திரை நகரவில்லை. லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தான். குவைத்து நம்பர்களில் அவன் எந்தப் பெயரைத் தேடுகிறான் என்று ரங்கநாயகிக்குத் தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். போன மாதம் போனில் வேண்டாம் என்று சொன்னதும் இதே வாய்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.